பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு: இமயமலைச் சமூகங்களை இணைக்கும் முயற்சிகள்

இமயமலையின் வரைபடத்தில் மலைகளையும் ஆறுகளையும் விட்டுவிட்டு, சாலைகளை மட்டும் பாருங்கள். மீன் முள்ளைப் போல இருக்கும். அடிவாரச் சமவெளியில் கிழக்கு மேற்காக ஒரு நெடுஞ்சாலை ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு பள்ளத்தாக்குக்குள்ளும் ஒரு சாலை ஏறி, ஏதோ ஓர் ஊரில் முடிந்துவிடும். ஒரே சிகரத்தை இரண்டு பக்கங்களிலிருந்து பார்க்கும் இரண்டு ஊர்க்காரர்கள் வண்டியில் போய்ச் சந்திக்க வேண்டுமானால், சமவெளி வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். அரசு அலுவலகங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், சந்தைகள் எல்லாமே இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. மலைச் சமூகம் ஒவ்வொன்றும் தன் தலைநகரோடு பேசும். பக்கத்துப் பள்ளத்தாக்கோடு பேச அதற்கு வழியில்லை. அந்தத் தலைநகரங்களில் தில்லி, டாக்கா, இஸ்லாமாபாத், பெய்ஜிங் ஆகிய நான்கும் மலைக்கு வெளியே இருப்பவை.

மலைச் சமூகங்களுக்கு ஒரு வட்டார வலையமைப்பு வேண்டும் என்ற பேச்சு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. அதற்காக நிறுவனங்கள் எழுந்தன, பிரகடனங்கள் கையெழுத்தாயின, அறிக்கைகள் குவிந்தன. அந்த வலையமைப்பு மீன் முள்ளின் நடு எலும்பைத் தடிமனாக்கியதா, அல்லது முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையே குறுக்கு இழை போட்டதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். இமயத்தில் வலையமைப்பு என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிபுணர்கள் கொண்டுவந்த புதுச் சரக்கு அல்ல. காளி ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் பியான்ஸ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சி, குட்டி, கர்பியாங் ஆகிய ஊர்கள் இன்று இந்தியாவின் உத்தராகண்டில் இருக்கின்றன. சாங்ரு, திங்கர் என்ற ஊர்கள் நேபாளத்தில் இருக்கின்றன. ஊர்கள் இரண்டு நாடுகளில் கிடந்தாலும் சமூகம் ஒன்றே. ஒரே மொழி, ஒரே உறவுமுறை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒரே வட்டம். 1816இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி ஒப்பந்தம் காளி ஆற்றை எல்லையாக்கியபோது அந்தச் சமூகத்தின் நடுவே கோடு விழுந்தது. ஆனாலும் வாழ்க்கை அறுபடவில்லை. கோடையில் லிபுலேக் கணவாய் வழியாகத் திபெத்துக்குத் தானியம் போகும். அங்கிருந்து உப்பும் கம்பளி மயிரும் வரும். குளிர்காலத்தில் ஆடு மாடுகளோடு கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இறங்குவார்கள். காளியும் கோரியும் கூடும் ஜௌல்ஜிபியில் ஆண்டுதோறும் நவம்பரில் சந்தை கூடும்.

1962 போருக்குப் பின் கணவாய் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், மறுபடி திறந்தபோது உப்புக்குத் தேவையே இல்லாமல் போயிருந்தது. லடாக் முதல் அருணாசலம் வரை இதே கதை வெவ்வேறு பெயர்களில் நடந்திருக்கிறது. ஆகவே மலைச் சமூகங்களை இணைப்பதாகச் சொல்லும் எந்த அமைப்பும் வெற்றுநிலத்தில் வீடு கட்டவில்லை. அரசுகள் அறுத்துப் போட்ட இழைகளை, அதே அரசுகளின் ஒப்புதலோடு மறுபடி முடிச்சுப் போடப் பார்க்கிறது. அதன் எல்லாச் சிக்கல்களும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

காத்மாண்டுவில் 1983 டிசம்பரில் ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம் திறக்கப்பட்டது. சுருக்கப் பெயரால் இதை இசிமோட் என்பார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், சீனா, பூடான், வங்கதேசம், மியான்மர் ஆகிய எட்டு நாடுகள் இதன் உறுப்பினர்கள். இந்த எட்டுப் பெயர்களையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தாலே அதன் வியப்பு புரியும். போர் புரிந்த அண்டை நாடுகள் ஒரே மேசையில் உட்காரும் மன்றங்கள் ஆசியாவில் அதிகமில்லை. அதே காத்மாண்டுவில் தலைமையகம் வைத்திருக்கும் சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014 நவம்பருக்குப் பிறகு கூடவே இல்லை.

ஆனால் இசிமோட் பிறந்த காலத்தின் கவலை மலை மக்களைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. 1970களில் எரிக் எக்ஹோல்ம் போன்றவர்களின் எழுத்து ஒரு சித்திரத்தை உலகெங்கும் பரப்பியிருந்தது: மலை விவசாயி மக்கள்தொகைப் பெருக்கத்தால் காட்டை அழிக்கிறான், மண் சரிகிறது, வங்கதேசம் வெள்ளத்தில் மூழ்குகிறது. அந்தக் கணக்கில் மலைவாசி குற்றவாளி, சமவெளிக்காரன் பாதிக்கப்பட்டவன். ஜாக் ஐவ்ஸும் புரூனோ மெஸ்ஸர்லியும் 1989இல் வெளியிட்ட ‘ஹிமாலயன் டைலமா’ என்ற நூல் இந்த வாதத்தின் அடித்தளத்தையே உலுக்கியது. இளம் மலைத்தொடரின் நிலவியலும் பருவமழையின் வேகமும் கொண்டுவரும் வண்டலோடு ஒப்பிட்டால் உழவனின் பங்கு சிறிது என்றும், சமவெளியின் பெருவெள்ளத்துக்கு மலைவாசியின் கோடரியைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். இதைப் பழைய ஆய்வுச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. மலை எதற்காகக் கவனிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி இதில் இருக்கிறது. சமவெளிக்குத் தண்ணீர் தருவதாலா, அல்லது அங்கே மனிதர்கள் வாழ்வதாலா? இன்றும் பல திட்ட ஆவணங்கள் முதல் விடையைத்தான் தயங்காமல் எழுதுகின்றன.

இரண்டாவது விடைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இசிமோட்டில் பணியாற்றிய பொருளியலாளர் நர்பத் ஜோதா. எளிதில் சென்றடைய முடியாமை, எளிதில் சிதையும் தன்மை, ஓரங்கட்டப்பட்ட நிலை, இடத்துக்கு இடம் மாறும் பன்மை, அந்தந்த இடத்துக்கே உரிய தனி வாய்ப்புகள், மக்கள் தாமாகக் கண்டெடுத்த தகவமைப்புகள் ஆகியவை மலையின் இயல்புகள் என்றார் அவர். சமவெளிக்கு வகுத்த திட்டத்தை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனால் அது தோற்பதில் வியப்பில்லை என்பது இதன் பொருள். இன்னொரு பொருளும் உண்டு. இந்த இயல்புகள் ஜம்முவுக்கும் கில்கிட்டுக்கும் யுன்னானுக்கும் பொதுவானவை. ஆகவே ஒரு பள்ளத்தாக்கு கற்றுக்கொண்டது தன் நாட்டுச் சமவெளியைவிட, அடுத்த நாட்டின் பள்ளத்தாக்குக்கு அதிகம் பயன்படும். வட்டார வலையமைப்பு ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை யாரும் சொல்லிவிடவில்லை.

1992 ரியோ புவி மாநாட்டின் ‘அஜெண்டா 21’ ஆவணத்தில் 13ஆம் அத்தியாயம் மலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1990களின் நடுவில் மவுண்டன் ஃபோரம் என்ற உலகளாவிய வலையமைப்பு உருவாயிற்று. அதன் ஆசிய–பசிபிக் கிளைக்கு இசிமோட்டே இருப்பிடமாக இருந்தது. லத்தீன் அமெரிக்கக் கிளையை ஆண்டீஸ் மலைகளில் வேலை செய்யும் கான்டெசான் நடத்தியது. மலைகளைப் பற்றி வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது உதவியது என்பதில் ஐயமில்லை. 2002ஐ ஐ.நா. சர்வதேச மலைகள் ஆண்டாக அறிவித்தபோது அந்த உற்சாகம் உச்சத்தில் இருந்தது. மறு ஆண்டு முதல் டிசம்பர் 11 மலைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பின்னர் அந்த வலையமைப்பு மெல்லத் தேய்ந்தது. அதில் பேசிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனத்தினரும்தான். இமயத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான மொழிகள் உண்டு. மலை மக்களைப் பற்றிப் பேசுபவர்களை இணைத்துவிட்டு, மலை மக்களை இணைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வது இத்துறையின் நெடுநாள் பழக்கம்.

அறிவைத் திரட்டுவதில் மேலிருந்து கட்டிய அமைப்புகள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2019இல் வந்த இந்துகுஷ்–இமாலய மதிப்பீட்டறிக்கை இந்த மலைப்பகுதியில் 24 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்றும், இங்கே பிறக்கும் பத்துப் பேராறுகளின் படுகைகளில் மேலும் 165 கோடிப் பேர் கீழே வாழ்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. புவி வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நின்றால்கூட இந்த நூற்றாண்டு முடிவதற்குள் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றது. 2023இல் வந்த அடுத்த அறிக்கை இன்னும் கடுமையானது: 2011–2020 காலத்தில் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாக இழப்பைச் சந்தித்திருந்தன. எட்டு நாடுகளின் ஆய்வாளர்கள் ஒரே ஆவணத்தில் எழுதவில்லை என்றால், தனி நாடு ஒன்று வெளியிடும் எண்ணை அண்டை நாடு நம்பியிருக்காது. 2020 ஜூன் 15 அன்று கல்வானில் இந்திய, சீன வீரர்கள் மோதி உயிர்கள் போயின. சரியாக நான்கு மாதங்கள் கழித்து, அக்டோபர் 15 அன்று, அவ்விரு நாடுகள் உட்பட எட்டு நாடுகளின் பிரதிநிதிகளும் மலைகளுக்கான அமைச்சர் மாநாட்டில் கூட்டறைகூவல் ஒன்றை ஏற்றார்கள். மலை என்ற பெயரில் அது நடந்தது.

ஆனால் அறைகூவல் வேறு, ஆற்று நீர்மட்டக் கணக்கு வேறு. இந்தியா கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளின் நீரியல் தரவுகளை இரகசியப் பட்டியலில் வைத்திருக்கிறது. சீனா பிரம்மபுத்திராவின் மேல்பகுதி வெள்ளத் தரவை இந்தியாவுக்குத் தர 2002இலிருந்து ஒப்பந்தம் இருந்தது. டோக்லாமில் எல்லைப் பதற்றம் நிலவிய 2017இல் அந்தத் தரவு வரவில்லை. 2025 ஜூலை 8 அன்று அதிகாலை நேபாளத்தின் ரசுவாவில் எல்லையோர ஆற்றில் வெள்ளம் வந்து, சீனாவையும் நேபாளத்தையும் இணைத்த நட்புப் பாலத்தையே அடித்துக்கொண்டு போயிற்று. திபெத்தில் ஒரு பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஏரி வடிந்ததுதான் காரணம் என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இசிமோட் பின்னர் கண்டறிந்தது. காரணத்தைச் சில நாட்களில் கண்டுபிடிக்க முடிந்தது. எச்சரிக்கையைச் சில மணி நேரம் முன்னால் அனுப்ப முடியவில்லை. மேலிருந்து கட்டிய வலையமைப்பின் வலிமையும் வரம்பும் இந்த ஒரே நிகழ்ச்சியில் தெரிகின்றன.

கீழே வேறு விதமான இழைகள் ஓடியிருக்கின்றன. காடுகளைக் காக்க எழுந்த சிப்கோ இயக்கத்தின் சுந்தர்லால் பகுகுணா 1981 முதல் 1983 வரை காஷ்மீரிலிருந்து கோஹிமா வரை ஏறத்தாழ 4,870 கிலோமீட்டர் நடந்தார். ஊர் ஊராக நின்று பேசினார், கேட்டார். இமயத்தின் முதல் வட்டார வலையமைப்பு எது என்று என்னைக் கேட்டால், காத்மாண்டு அலுவலகத்துக்கு முன் இந்த நடையைத்தான் சொல்வேன். அதன் குறையும் வெளிப்படை: நடந்தவர் போனபின் அந்த ஊர்களுக்கிடையே கடிதம் போகவில்லை.

அதே காலத்தில், 1982இல், பாகிஸ்தானின் வடபகுதியில் கில்கிட்டை மையமாகக் கொண்டு ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஷோயப் சுல்தான் கான் கையாண்ட முறை எளியது. ஊரார் எல்லோரும் ஒன்றுகூடி ஓர் அமைப்பு ஆக வேண்டும், சேமிக்க வேண்டும், தங்களுக்கு முதலில் எது வேண்டும் என்று தாங்களே சொல்ல வேண்டும். பெரும்பாலான ஊர்கள் பாசனக் கால்வாயோ இணைப்புச் சாலையோ கேட்டன. பொருளுதவி வந்தது, உழைப்பு ஊருடையது. 1990களின் நடுவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் தெற்காசிய வறுமை ஒழிப்பு முயற்சி வழியாக இதே முறை ஆந்திரத்துக்கு வந்து, அங்கே மகளிர் குழுக்களின் பெருக்கத்துக்கு வித்திட்டது. கரகோரத்தின் அடிவாரத்தில் பழகிய ஒரு முறை, மூடிய எல்லையைத் தாண்டி, தெலுங்கு கிராமங்களுக்குப் போயிருக்கிறது. ஆனால் அதே கில்கிட்டிலிருந்து பக்கத்து லடாக்குக்கு நேராகப் போக அதற்கு வழியில்லை. ஐ.நா. இருக்கும் நியூயார்க்கைச் சுற்றிக்கொண்டு ஆந்திரத்தின் கர்நூலுக்குப் போக முடிந்தது.

நேபாளத்தில் நடந்தது இன்னும் ஆழமானது. 1993இன் வனச் சட்டம் ஊர்க் குழுக்களுக்குக் காட்டின் மீது பராமரிப்பு உரிமையும் பயன் உரிமையும் தந்தது. நிலம் அரசுடையது, விளைவும் முடிவும் குழுவுடையவை. 1995இல் அந்தக் குழுக்கள் தாங்களே ஒரு கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன. ஃபெகோஃபன் என்பது அதன் சுருக்கப் பெயர். இன்று சுமார் 22,000 குழுக்கள் அதன் வட்டத்தில் இருக்கின்றன. பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு என்பது அதன் விதி. ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்ட மலையூர்களில் அது வெறும் கொள்கையாக இல்லாமல் நடைமுறைத் தேவையாகவும் இருந்தது. (இன்றைய நேபாள மலைக் கிராமத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கைவிட தோஹா நெருக்கம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தத் திட்ட ஆவணமும் வரையாத வலையமைப்பு அது.) 1992க்கும் 2016க்கும் இடையே அந்நாட்டின் காட்டுப் பரப்பு 26 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாக உயர்ந்ததைச் செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. ஊரை விட்டு மக்கள் வெளியேறியதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஊர்க் குழுக்களின் பங்கை யாரும் மறுப்பதில்லை. எக்ஹோல்ம் காலத்துச் சித்திரத்துக்கு மலைவாசிகளே எழுதிய மறுப்பு இது.

ஃபெகோஃபன் ஏன் நிலைத்தது, மவுண்டன் ஃபோரம் ஏன் தேய்ந்தது? முன்னதின் ஒவ்வொரு கண்ணியிலும் இழக்கக் கூடிய ஒன்று இருந்தது: காடு. அரசு உரிமையைத் திரும்பப் பெற முயன்ற ஒவ்வொரு முறையும் கூட்டமைப்புக்கு வேலை இருந்தது. பின்னதில் பரிமாறப்பட்டது தகவல். தகவல் நல்லதுதான், ஆனால் அது வராவிட்டால் எந்த ஊரிலும் அடுப்பு அணைந்துவிடாது.

தகவலே உயிராகும் இடமும் உண்டு. நேபாளத்தின் சூரே குன்றுகளில் பிறந்து, மகோத்தரி மாவட்டம் வழியாகப் பீகாரின் சீதாமடிக்கு இறங்கும் ரத்து என்ற சிற்றாறு மழைக்காலத்தில் சில மணி நேரத்தில் பெருகிவிடும். அதன் தலைமடையில் குறைந்த செலவிலான நீர்மட்ட உணரி ஒன்றை நிறுவினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க்காரர் ஒருவர். நீர் அபாய அளவைத் தொட்டால் அவர் கீழே உள்ள ஊர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். கடைமடையில், எல்லைக்கு அப்பால் பீகாரில் இருப்பவர்களுக்கும் சொல்வார். 2017 வெள்ளத்தில் அந்த அழைப்பு எல்லை தாண்டிப் போய், கீழே இருந்தவர்களுக்குப் பல மணி நேர அவகாசம் கிடைத்தது. அதே ஆண்டில்தான் பிரம்மபுத்திராவின் தரவு இரண்டு பெரிய அரசுகளுக்கிடையே நின்றுபோயிருந்தது. ரத்துவின் இந்த எச்சரிக்கை முறை அஸ்ஸாமில் முதலில் சோதிக்கப்பட்டு, 2014இல் ஐ.நா. காலநிலை அமைப்பின் விருதையும் பெற்றது. ரத்துவில் அதை நிறுவி இணைத்ததில் இசிமோட்டின் பங்கு பெரிது என்பதையும் மறைக்கக் கூடாது. மேலிருந்து கட்டியவர்கள், தங்கள் மேசையை விட்டு இறங்கி, தலைமடைக்காரனின் கைப்பேசி எண்ணைக் கடைமடைக்காரனிடம் கொடுத்த இடம் அது. வலையமைப்பை வளர்ப்பது என்றால் இதுதான். உறுப்பினர் பட்டியல் நீள்வதை நான் வளர்ச்சியில் சேர்க்க மாட்டேன்.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை வேறு வரிசையில் போனது. அங்கே 1952இலேயே சிப்ரா என்ற மக்கள் அமைப்பு இருந்தது. அது பல பத்தாண்டுகள் வலியுறுத்திய பின் 1991இல் ஆல்ப்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடுகள் ஒப்பந்தத்தை மெல்ல மென்றுகொண்டிருக்க, 1997இல் உள்ளூராட்சிகள் தங்களுக்குள்ளேயே ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டு அதை நடைமுறைப்படுத்தப் புறப்பட்டன. அதைப் பார்த்து 2003இல் கிர்கிஸ்தான், கசகஸ்தான், தஜிகிஸ்தான் மலையூர்களும் ஒரு கூட்டணி கண்டன. இமயத்தில் அப்படிப்பட்ட ஒப்பந்தமும் இல்லை, ஊராட்சிகள் எல்லை தாண்டித் தங்களுக்குள் சேரும் உரிமையும் இல்லை. ஒரு நேபாள ஊராட்சித் தலைவர் உத்தராகண்டின் ஊராட்சித் தலைவருக்கு நீர்ப் பங்கீட்டைப் பற்றி அதிகாரபூர்வமாகக் கடிதம் எழுத வேண்டுமானால், கடிதம் காத்மாண்டு வழியாகத் தில்லிக்குப் போய்த்தான் இறங்க வேண்டும்.

பணத்தின் கதையும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லலாம். இசிமோட் உட்பட இமய அமைப்புகள் பலவற்றைத் தாங்கிவந்த நிதியில் பெரும்பங்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்தது. உறுப்பு நாடுகளின் பங்கு சிறியது. தன் மலைக்காகத் தன் கருவூலத்திலிருந்து செலவு செய்யாத அரசு, அந்த மலை பற்றிய தரவைப் பகிரவும் அவசரப்படாது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரக் கதை அல்ல. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய மலைப்பகுதி வளர்ச்சித் திட்டத்தில் டார்ஜிலிங்கோடும் அஸ்ஸாம் மலை மாவட்டங்களோடும் சேர்த்து நீலகிரியும் இடம்பெற்றது. ஆனால் நீலகிரி அதிகாரியும் டார்ஜிலிங் அதிகாரியும் தில்லியைப் பார்த்தே நின்றார்கள். மீன் முள் இங்கேயும் அப்படியே இருந்தது. 1987–88இல் குமரியிலிருந்து ஓர் அணியும் வடக்கிலிருந்து ஓர் அணியும் புறப்பட்டு, கோவாவில் சந்தித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு நடைப்பயணம் பகுகுணாவின் நடைக்குத் தெற்கத்திய இணை. அந்த நடைக்குப் பல பத்தாண்டுகள் பின், 2024 ஜூலை 30 அன்று, அதே மலைத்தொடரின் வயநாட்டில் நிலச்சரிவால் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்ட உடல்கள் மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர் வரை கிடைத்தன. அந்தச் சாலியாற்றுக்கு நம் கூடலூரிலிருந்து பாண்டியாறும் நீர் கொண்டுபோகிறது. வயநாட்டில் ஹியூம் மையம் என்ற ஆய்வு அமைப்பு ஊர் ஊராக மழைமானிகள் வைத்து, உள்ளூர்க்காரர்களைக் கொண்டு அளவெடுத்துவந்தது; பேரிடருக்கு முந்தைய நாளே அபாயத்தை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. அதே மாதிரியான மழைமானி வலை கூடலூரிலும் பந்தலூரிலும் அமைந்து, இரண்டு பக்கத்து அளவுகளும் ஒரே திரையில் தெரிவதற்கு எந்தச் சர்வதேச ஒப்பந்தமும் தேவையில்லை. இடையில் இருப்பது ஒரு மாநில எல்லை மட்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், ஆறு மாநிலங்கள். அவை ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் ஆணையம் வேண்டும் என்றும், முடிவுகள் கிராம சபைகளிலிருந்து மேலே வர வேண்டும் என்றும் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்டில் அரசிடம் அறிக்கை தந்தது. அந்த ஆணையம் இன்றுவரை அமைக்கப்படவில்லை.